பட்டத்துக்கும் தொழிலுக்கும் இடையில்

தீவகத்தில் பட்டம் பெற்ற இளைஞர், தொழில் கிடைக்கும்வரை யாருடைய உழைப்பில் உண்கிறார்? பெற்றோருடைய உழைப்பில். இதனை இயற்கை நியதியென நாம் ஏற்றுக்கொண்டோம். வரலாறோ இது மனிதர் வகுத்த ஏற்பாடு என்கிறது.

வேலையற்றோர் காப்புறுதி பிரித்தானியாவில் 1911இல் சட்டமாயிற்று. சந்தா செலுத்திய தொழிலாளிக்கே அங்கு உதவி கிடைத்தது. முதல் வேலையைத் தேடுபவனுக்கு இடமில்லை. அவன் எதையும் இழக்கவில்லையாம்! அந்த அரைகுறைப் பாதுகாப்பைக்கூட ஏகாதிபத்தியம் இலங்கைக்குத் தரவில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. ஏழை மாணவருக்கும் கதவு திறந்தது. தொழில்களோ அவ்வேகத்திற் பெருகவில்லை. 1971 ஏப்ரலில் தென்னிலங்கையில் வெடித்த கிளர்ச்சியில் படித்த வேலையற்ற இளைஞர் பெருந்தொகையாக நின்றனர்.

1988இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தனது 168ஆம் சமவாயத்தில், தொழில் தேடும் பத்து வகையினருள் மூன்று வகையினருக்கேனும் உதவவேண்டும் என்றது. கல்வி முடித்த இளைஞரும் அவர்களுள் ஒரு வகையினர். இலங்கை அச்சமவாயத்தை ஏற்கவில்லை. தமிழ்நாட்டிலோ பட்டதாரிக்கு மாதம் 600 ரூபா தரும் திட்டம் உண்டு. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருக்கவேண்டும்.

2017இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்து போராடினர். 2020இல் பட்டதாரிப் பயிலுநர்களுக்கு மாதம் 20,000 ரூபா வழங்கப்பட்டது. அது ஆட்சியாளர் தந்த சலுகை. சட்டம் தந்த உரிமையன்று.

நெடுந்தீவுப் பட்டதாரி ஒரு நேர்முகப் பரீட்சைக்கும் கடல் கடந்து, குறிகட்டுவானில் பஸ் ஏறவேண்டும். அச்செலவைத் தந்தையின் வலையும் தாயின் நகையுமே தாங்குகின்றன. கல்வியைப் பொதுவுடைமையாக்கிய சமுதாயம், கற்றவனின் காத்திருப்பை மட்டும் தனியுடைமையாக விடுவது நியாயமா?