அருவியாறும் அதன் முகத்துவாரமும்

திருக்கேதீச்சரத்தாற் புகழ்பெற்ற மாதோட்டம் பண்டுதொட்டு இரண்டினால் வளம் பெற்றது. ஒன்று கடல், மற்றொன்று அருவியாறு. ஈழத்தின் நீண்ட ஆறுகளுள் இரண்டாவதாகிய இது, அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா எனும் பெயரோடு ஓடி, 164 கிலோமீற்றர் கடந்து, அரிப்புக்கு வடக்கே மன்னார்க் குடாவை அடைகின்றது.

இவ்வாற்று நீரை வயலுக்குத் திருப்பும் முயற்சி பழமையானது. தேக்கம் என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே கல்லணை எழுப்பி, உயர்ந்த நீரைக் கால்வாய் வழியே கட்டுக்கரைக் குளத்திற்குக் கொண்டுசென்றனர். 5ஆம் நூற்றாண்டிலே தாதுசேனன் இக்குளத்தை அமைத்தான் என்பது மரபு. பின்னாளிற் பாழடைந்த இதனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில அரசினர் திருத்தினர்.

அத்தேக்கத்தின் இயல்பு ஈண்டு நோக்கற்பாலது. அது நீரை உயர்த்தித் திருப்புமேயன்றி ஆற்றை முற்றாக அடக்காது. மாரி வெள்ளம் அதன்மேல் வழிந்து கடலுக்குச் செல்லும். முகத்துவாரத்திற்கு உயிர்நிலை அவ்வெள்ளமே. மன்னார்க் கரையில் வற்றுப்பெருக்கின் ஏற்றவிறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலின், ஆற்றுவாயில் அலைகள் குவிக்கும் மணற்றிடரைக் கடலோதம் தனித்து அகற்றமாட்டாது. பெருவெள்ளமே அதனை அறுத்து வழி திறக்கும். உவரைப் பின்தள்ளுவதும், கரைக்கு வண்டல் ஈவதும், மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் இரை தருவதும் அதுவே.

வெள்ளத்தையே தேக்கிவைக்கும் பேரணையின் விளைவு வேறு. வற்றுப்பெருக்குக் குறைந்த மத்தியதரைக் கடலில் விழும் நைல் நதி இதற்குத் தக்க சான்று. அசுவான் உயரணையின் வேலை 1960இல் தொடங்கி 1970இல் நிறைவுற்றது. 1964 முதல் வெள்ளம் தடைப்படவே, முகத்துவாரக் கடலின் சாளைமீன் வளம் சில ஆண்டுகளிற் பெரிதும் வீழ்ந்தது. வண்டல் பெறாத கழிமுகக் கரையைக் கடல் அரித்தது. வயலும் மின்வலுவும் பெற்ற பயனும் பெரிதே. ஆயின் அதன் விலையில் ஒரு பங்கை மீனவரும் செலுத்தினர்.

அருவியாற்றிலும் தந்திரிமலைக்கு அண்மையிற் பெருநீர்த்தேக்கம் அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. நீரின்றி வாடும் உழவருக்கு அதன் தேவை மெய்யானது. எனினும், கடலிற் சேரும் நீர் வீணாகும் நீர் என்னும் கணக்குப் பிழையானது. உழவரின் பங்கை அளப்போர் முகத்துவாரத்தின் பங்கையும் அளத்தல் வேண்டும். மாரிதோறும் ஒரு வெள்ளமேனும் கடலை அடைய விடுதல் வேண்டும். கட்டுக்கரை வயலும் அரிப்புக் கடலும் ஓராற்றின் இரு பிள்ளைகள். ஒன்றன் உணவைப் பறித்து மற்றொன்றை ஊட்டுதல் முறையன்று.