போடாக்ஸ் ஊசி: அச்சங்களும் பக்கவிளைவுகளும்

முகச்சுருக்கத்தைத் தளர்த்தப் போடப்படும் பாட்டுலினம் நச்சு ஊசியின் பரவலான வணிகப்பெயர் போடாக்ஸ். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரப்பதைத் தடுத்து, தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கிறது. முதலில் மாறுகண் சிகிச்சைக்கு வந்த மருந்து இது. புருவ இடைச் சுருக்கத்துக்கு அமெரிக்கா 2002இல் அனுமதி தந்தது.

பலன் சில நாட்களில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுமையாகி, மூன்று நான்கு மாதங்களில் மறையும். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டுவதும் தலைவலியும் சாதாரணம். பலரும் பயப்படுவது இமைச் சரிவுக்குத்தான். மருந்து இமையைத் தூக்கும் தசைக்குப் பரவினால் ஒரு கண் பாதி மூடியதுபோலத் தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். ஊசி போட்ட அன்று அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பது மருந்து இப்படிப் பரவாமல் இருக்கத்தான். முகம் நிரந்தரமாக விறைத்துவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோயுள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். உண்மையான ஆபத்து போலி மருந்திலும் பயிற்சியற்ற கையிலும் இருக்கிறது. தா.பழூர் போன்ற ஊரிலிருந்து திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய் அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ள நினைப்பவர், போடுபவர் தோல் மருத்துவரா என்று முதலில் கேட்க வேண்டும். குப்பியின் பெயரையும் காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால், நாட்கள் கழித்து வந்தாலும், 108ஐ அழையுங்கள்.