1929: சீன வைத்தியத்தைச் சீனாவே தடை செய்யப் பார்த்த கதை

சீன மருத்துவம்னு சொன்னாலே கூடவே "ஆயிரக்கணக்கான வருஷப் பாரம்பரியம்"னு ஒரு அடைமொழி வந்துடும். 1929-ல அதுக்கு ஒரு பெரிய கண்டம் வந்தது. வெளிநாட்டுக்காரங்களால இல்ல, சீன அரசாங்கத்தோட சுகாதாரக் குழுவாலயே.

முதல்ல அடிப்படையைப் பார்த்துடலாம். ஆதார நூல், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி தொகுக்கப்பட்ட 'ஹுவாங்டி நெய்ஜிங்'. பேரரசர் கேள்வி கேட்பார், வைத்தியர் பதில் சொல்வார். அதன்படி உடம்புக்குள்ள 'ச்சீ' ஓடிக்கிட்டே இருக்கு. (நாம முகம் சுளிச்சுச் சொல்ற 'ச்சீ' இல்லங்க, உயிராற்றல்.) யின்னுனா குளிர்ச்சி, நிழல், ஓய்வு. யாங்னா சூடு, வெளிச்சம், இயக்கம். ஒண்ணு ஓங்கினா இன்னொண்ணு ஒடுங்கும். அந்தச் சமநிலை குலையறதுதான் நோய். அப்புறம் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். இதைப் பஞ்சபூதம்னு மொழிபெயர்த்தா தப்பாயிடும். இவை உடம்பைக் கட்டுற பொருட்கள் இல்ல, ஒண்ணை ஒண்ணு வளர்க்கிற, அடக்குற இயக்கங்கள். மரம் நெருப்பை வளர்க்கும், நீர் அதை அடக்கும். கல்லீரல் மரத்தோட சேர்ந்தது, கோபமும் அதே கணக்குல வரும். அதனால ஒருத்தர் எரிஞ்சு எரிஞ்சு விழுந்தா, வைத்தியர் கல்லீரலை யோசிப்பார்.

இதெல்லாம் வெறும் கற்பனைன்னு சொன்னவர் யூ யுன்ஷியு. ஜப்பான்ல நவீன மருத்துவம் படிச்சுட்டு வந்தவர். 1929 பிப்ரவரியில, அப்போதைய தலைநகர் நான்ஜிங்ல, பழைய மருத்துவத்தை ஒழிக்கணும்னு ஒரு திட்டம் வெச்சார். இருக்கிற வைத்தியர்கள் பதிவு செஞ்சு மறுபயிற்சி எடுக்கணும். புதுசா பள்ளிக்கூடம் கூடாது. பத்திரிகையில விளம்பரம் கூடாது. அவர் வாதத்தை லேசா ஒதுக்க முடியாது. கொள்ளைநோயைத் தடுக்கணும், யார் எதனால செத்தாங்கன்னு அரசு கணக்கு வைக்கணும். நாடி பிடிச்சு யின், யாங் சொல்றவங்களை வெச்சு அது எப்படி நடக்கும்?

மார்ச் 17-ல பல மாகாணங்கள்லேர்ந்து வைத்தியர்களும் மருந்துக்கடைக்காரங்களும் ஷாங்காய்ல கூடினாங்க. ஒரு குழு நான்ஜிங்குக்கே போய் முறையிட்டுது. திட்டம் கிடப்புல போனது.

எனக்கு முக்கியமாப் படுறது அந்தக் கூட்டம்தான். அதுவரைக்கும் ஊருக்கு ஒரு வழி, குருவுக்கு ஒரு பாடம்னு ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கிட்டிருந்தவங்க அவங்க. தடை வரும்னு பயந்துதான் 'நாம எல்லாரும் ஒண்ணு'ன்னு சேர்ந்தாங்க. அதை ஒரே பாடத்திட்டமா மாத்தினது மாவோ ஆட்சி. 1956-ல பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நாலு ஊர்ல கல்லூரிகள் திறந்தாங்க. நெய்ஜிங்ல சிதறிக்கிடந்ததும், ஒண்ணோட ஒண்ணு முரண்பட்டதும், வகுப்பறைக்கு ஏத்த மாதிரி வரிசையா அடுக்கப்பட்டது அப்போதான். நான் மேல சுருக்கமாச் சொன்னேனே, அந்தச் சுத்தமான வரிசைக்கும் இந்தப் பாடப்புத்தகங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.

மாவோவே அதைச் சாப்பிட்டாரா? இந்த மருத்துவத்தை வளர்க்கணும், ஆனா எனக்கு அதுல நம்பிக்கை இல்லன்னு அவர் தன்கிட்ட சொன்னதா, அவரோட டாக்டர் லி ஜிசுய் நினைவுக்குறிப்புல எழுதியிருக்கார்.