கண்புரை அறுவைச் சிகிச்சையும் உள்விழி லென்சும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கண்புரை என்றால் என்ன?

கண்பாவைக்குப் பின்னால் உள்ள இயற்கை லென்ஸ் ஒளியை விழித்திரையில் குவிக்கிறது. முதுமை, நீரிழிவு, கண்ணில் பட்ட அடி, ஸ்டீராய்டு மருந்துகளை நீண்டகாலம் பயன்படுத்துதல் ஆகியவற்றால் இந்த லென்ஸ் மங்குவதே கண்புரையாகும். இதில் பொதுவாக வலி இராது. பார்வை மெல்ல மங்கும். எதிரே வரும் வாகனங்களின் விளக்கொளி கூசும். நிறங்கள் பழுப்பேறித் தெரியும். கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ இல்லை. அறுவைச் சிகிச்சையே தீர்வாகும்.

உள்விழி லென்ஸ் எவ்வாறு வந்தது?

முற்காலத்தில் மங்கிய லென்சை அகற்றியபின் தடித்த "சோடாபுட்டி" கண்ணாடி வழங்கப்பட்டது. அதில் பொருள்கள் பெரிதாகத் தெரியும். பக்கப் பார்வை குறையும். கண்ணாடி உடைந்தால் அன்றாட வேலையே நின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போரில், விமானி அறையின் அக்ரிலிக் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்களில் தங்கியும் அழற்சி ஏற்படுத்தாததை இலண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். அப்பொருளால் செய்த லென்சை 1949ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று ஒரு நோயாளியின் கண்ணுள் முதன்முதலாகப் பொருத்தினார். 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவக் கருவி ஒன்றிலிருந்து எண்ணம் பெற்று, மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் "பேகோ" முறையை உருவாக்கினார்.

ஆயினும் இறக்குமதி லென்சின் விலை நம் நாட்டு ஏழை நோயாளிகளுக்கு எட்டாததாக இருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992இல் ஆரோலேப் நிறுவனம் உருவானது. அங்கு உள்நாட்டிலேயே லென்ஸ் தயாரிக்கப்பட்டதால் விலை பெருமளவு குறைந்தது. கோவையில் அரவிந்த் மருத்துவமனை 1997இல் தொடங்கப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் லென்ஸ் பொருத்தும் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

புரை முற்றும் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. "புரை நன்றாக முற்றட்டும்", "தோட்டத்து வேலை முடியட்டும்" என்று தள்ளிப்போடுவதே இன்று பலர் பார்வையிழக்கக் காரணமாகிறது. அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகும்போதே மருத்துவரை அணுகுங்கள். மிகவும் முற்றிய புரை கடினமாகி அறுவைச் சிகிச்சையைச் சிக்கலாக்கும். சிலருக்கு அது வீங்கியோ கசிந்தோ கண்ணின் உள்ளழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். அதனால் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டால், பின்னர் லென்ஸ் பொருத்தினாலும் இழந்த பார்வை திரும்பாது.

எந்த முறை, எந்த லென்ஸ்?

பேகோ முறையில் ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. துளை வழியே மடக்கு லென்ஸ் செலுத்தப்படும். கைமுறைச் சிறுதுளைச் சிகிச்சையில் துளை சுமார் 6 மி.மீ. இருக்கும்; அதற்கும் பெரும்பாலும் தையல் தேவைப்படாது. மிகக் கடினமான புரைக்கு மருத்துவர் இம்முறையைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டிலும் நல்ல பார்வை கிடைக்கும்.

• ஒற்றைக் குவிய லென்ஸ்: பெரும்பாலோர்க்கு ஏற்றது. தொலைவுப் பார்வை தெளிவாகும். படிக்கக் கண்ணாடி தேவைப்படும்.
• பல்குவிய லென்ஸ்: கண்ணாடித் தேவையைக் குறைக்கும், ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம்.
• டோரிக் லென்ஸ்: கருவிழியின் வளைவு சீரற்றவர்களுக்கு உரியது.

விலை உயர்ந்த லென்ஸ் எல்லோருக்கும் சிறந்ததன்று. நாமக்கல், சங்ககிரிப் பகுதியில் இரவில் லாரி ஓட்டுபவருக்கும், சோமனூரில் விசைத்தறியில் இழை பார்ப்பவருக்கும் தேவை வேறு. ஆகவே உங்கள் தொழிலை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்

கண்ணின் நீளமும் கருவிழி வளைவும் அளக்கப்பட்டு லென்சின் திறன் கணிக்கப்படும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். இரத்தம் உறையாமைக்கான மருந்து, சிறுநீர்த் தடைக்கான டாம்சுலோசின் ஆகியவற்றை உட்கொண்டால் கட்டாயம் கூறுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டா.

அறுவைச் சிகிச்சைக்குப் பின்

• கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே சொட்டு மருந்து இடவும்.
• கண்ணைக் கசக்குதல், தலைக்குக் குளித்தல் ஆகியவற்றை மருத்துவர் கூறும் நாள் வரை தவிர்க்கவும்.
• மாட்டுத்தொழுவம், மஞ்சள் கிடங்கு, பஞ்சாலை போன்ற தூசு மிகுந்த இடங்களுக்குத் திரும்பும் நாளை மருத்துவரிடம் கேட்டறியவும்.
• தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு எதையும் கண்ணில் விடக்கூடாது.
• லென்ஸ் விவர அட்டையைப் பாதுகாத்து வைக்கவும்.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மீண்டும் மங்கினால், லென்சுக்குப் பின்னுள்ள சவ்வு தடித்திருக்கலாம். இது புரை மீண்டும் வளர்வதன்று. யாக் லேசர் சிகிச்சையால் சில நிமிடங்களில் இதைச் சரிசெய்யலாம்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

கண்வலி அதிகரித்தல், சிவத்தல், சீழ் வடிதல், தெளிந்த பார்வை மீண்டும் குறைதல், கண் முன் மின்னல் கீற்று அல்லது திரை விழுவது போன்ற தோற்றம். இவற்றுள் ஒன்று தோன்றினும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராதீர்கள். கண்ணுள் நோய்த்தொற்று ஏற்பட்டிருந்தால் சில மணி நேரத் தாமதமும் பார்வையைப் பறிக்கும்.

எங்கு அணுகலாம்?

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கண் பிரிவு உள்ள பிற அரசு மருத்துவமனைகளிலும் பரிசோதனை செய்துகொள்ளலாம். மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கங்கள் நடத்தும் முகாம்களைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம். வீட்டில் முதியவர் சுவரைப் பிடித்து நடந்தாலோ, முகத்தை அறியாமல் குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டாலோ, "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.