சாத்தூர் தந்த ஆங்கிலப் பேராசிரியர்

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் புகுந்த தமிழர்களாகிய நம்மை அடிக்கடி உறுத்தும் கேள்வி ஒன்றுண்டு. அலுவலகத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் அவ்வூர் மொழி என்று வாழ்நாளைக் கழிப்பவனுக்குத் தமிழோடுள்ள உறவு நிலைக்குமா என்பதே அது. இதற்குப் பேராசிரியர் கே. ஆர். சீனிவாச ஐயங்காரின் வாழ்வு விடை பகர்கின்றது.

பேனா முள்ளுக்கும் சேவுக்கும் பெயர் பெற்ற சாத்தூரில் 1908ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். அந்நாளில் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்காமிலும் பாகல்கோட்டையிலும் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றினார். 1947இல் வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியரானார். 1966 முதல் 1968 வரை அதன் துணைவேந்தராகவும் விளங்கினார். தெலுங்கு நாட்டின் கலைக்கோயில் ஒரு தமிழரிடம் தன் தலைமையை ஒப்படைத்தது நமக்குப் பெருமையன்றோ!

இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய நூல்களை அக்காலத்தில் மதித்தவர் சிலரே. ஆங்கிலேயருக்கு அவை இரவல் மொழியில் செய்த போலி. நம்மவருக்கோ தாய்மொழியைத் துறந்தோர் செயல். ஐயங்கார் அவற்றைத் தேடித் தேடிப் படித்து, 1943இலேயே அவ்விலக்கியம் குறித்துச் சிறு நூலொன்றை வெளியிட்டார். 1959இல் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக் கழகத்தில் அதே பொருள் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதன் விளைவாக 1962இல் மலர்ந்ததே ‘இந்தியன் ரைட்டிங் இன் இங்கிலீஷ்’ என்னும் பெருநூல். தோரு தத், தாகூர், அரவிந்தர், ஆர். கே. நாராயண் ஆகியோரை ஒரே வரிசையில் நிறுத்தி, இதுவும் இந்திய இலக்கியமே என்று அந்நூல் நிறுவியது.

அரவிந்தரின் வரலாற்றை 1945இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதினார். அன்னையைப் பற்றிய நூலுக்காக 1980இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சீதையை நாயகியாக்கி ‘சீதாயன’ என்ற ஆங்கிலக் காப்பியமும் படைத்தார்.

இத்தனைக்கும் பிறகு, எண்பதாம் அகவையில், 1988இல் அவர் வெளியிட்டது யாது? திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு! சாத்தூரை விட்டு எத்தனையோ காதம் நடந்த கால்கள் வள்ளுவரின் வாயிலில் வந்து நின்றன. 1999இல் அவர் மறைந்தார்.

பிறமொழி கற்பது தமிழுக்கு இழப்பன்று; கற்ற பின் தமிழை மறப்பதே இழப்பு. நம் பிள்ளைகள் எம்மொழியில் உயர்ந்தாலும் உயர்க. குறளைத் தமிழெழுத்தில் படிக்கும் பயிற்சியை மட்டும் நாம் அவர்களுக்கு இளமையிலேயே அளித்துவிட வேண்டும்.