சீழ் என்றாலே கிருமிதானா?

 

உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் வந்த ஒருவரைப் பார்த்தால் நம் ஆற்காடு பக்கம் மூன்று பேச்சு வரும். "அம்மை போட்டிருக்கு" என்று வாசலில் வேப்பிலை செருகுவார்கள். "டேனரி வேலை, மருந்துத் தண்ணி ஒத்துக்கலை" என்பார்கள். மூன்றாவதை வாய்விட்டுச் சொல்லாமல் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். 1955 முதல் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை இயங்கும் வட்டாரம் இது. ஆனாலும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. டேனரி பேச்சில் ஓரளவு உண்மை உண்டு, குரோமியம் படும் கைகளில் ஒவ்வாமைப் புண் வரும். நான் சொல்லப்போவது இந்த மூன்றிலும் சேராத, அரிதான ஒரு நோயின் கதை.

1910-இல் லியோ ஃபான் சும்புஷ் என்ற தோல் மருத்துவர் உடன்பிறந்த இருவரைப் பற்றி எழுதினார். கடுங்காய்ச்சல், சிவந்த தோல், அதன்மேல் மணல் தூவியதுபோலச் சீழ்க்கொப்புளங்கள். அடங்கும், மறுபடி வரும். சீழை எடுத்துச் சோதித்தால் கிருமி இல்லை. (இவருடைய அப்பா புகழ்பெற்ற சிற்பி. வியன்னாவில் உள்ள மரியா தெரசா நினைவுச் சின்னம் அவர் செய்ததுதான்.) இன்று இதைச் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் என்கிறோம். தொற்றாது. ஆனால் முற்றினால் உயிரையே வாங்கும்.

உடன்பிறந்தவர்களுக்கு வந்ததே ஒரு துப்பு. அதைப் பிடித்துக்கொண்டு போக நூறு வருடம் ஆயிற்று. இடையில் 1968-இல் பேக்கர், ரயன் என்ற இருவர் 104 நோயாளிகளை ஆராய்ந்து எழுதினார்கள். சாதாரணச் சொரியாசிஸ் உள்ளவர் ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் இந்த நோய் கிளம்பக்கூடும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

சரி, கிருமி இல்லாமல் சீழ் எப்படி வரும்? சீழ் என்பது பெரும்பாலும் நம் வெள்ளணுக்களின் கூட்டம். அவற்றைக் கூப்பிடத் தோல் அனுப்பும் தூதுப் புரதங்களுக்கு இன்டர்லூகின் என்று பெயர். வேலூர் பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தூதுப் புரதம் வந்து உட்காரும் சீட்டில், உட்காரவிடாமல் துண்டு போடும் இன்னொரு புரதமும் நம் உடம்பில் உண்டு. துண்டு இல்லாவிட்டால் தூதுவன் உட்கார்ந்துகொண்டு "வா, வா" என்று அழைத்துக்கொண்டே இருப்பான். வெள்ளணுக்கள் எதிரியே இல்லாத இடத்தில் வந்து குவியும்.

2009-இல் முதல் துண்டு அகப்பட்டது. கனடா, நெதர்லாந்து, லெபனான், போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களின் பச்சிளங்குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களிலேயே கொப்புளமும் எலும்பு அழற்சியும். இன்டர்லூகின்-1 சீட்டுக்கான துண்டு அவர்களுக்கு இல்லை. மூட்டுவாதத்துக்காக 2001-லேயே வந்திருந்த அனகின்ரா ஊசி அதே துண்டின் செயற்கை வடிவம். அதைப் போட்டதும் சில நாளில் தோல் தெளிந்தது. நோய் தெரியாமலே அதற்கு முன் இறந்துபோன குழந்தைகளும் உண்டு. இந்தியாவின் முதல் குழந்தையைப் பற்றிய அறிக்கை 2017-இல் வந்தது. சண்டிகர் மருத்துவர்களும் அதில் பங்கேற்றார்கள்.

சும்புஷ் பார்த்த நோய்க்கான விடை 2011-இல் துனிசியாவிலிருந்து வந்தது. 9 குடும்பங்களில் இன்டர்லூகின்-36-க்கான துண்டு பழுதாகியிருந்தது. புரதத்தின் 27-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவுதான். (இந்த நோய் உள்ள எல்லாருக்கும் இந்த மரபணுக் கோளாறு இருப்பதில்லை.) அந்த சீட்டையே அடைத்துவிடும் ஸ்பெசோலிமாப் மருந்தை 53 பேரிடம் சோதித்தார்கள். ஒரே தடவை ஏற்றியதில், ஒரு வாரத்தில் மருந்து பெற்ற 35 பேரில் 19 பேருக்குக் கொப்புளமே இல்லை. வெறும் திரவம் பெற்ற 18 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. 2022 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதித்தது.

துனிசியக் குடும்பங்களின் நோய், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகளும் சேர்ந்தால்தான் வரும். சொந்தத்தில் கல்யாணம் முடித்தால் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. நம் ஊரில் மதம் பார்க்காமல் எல்லாரும் சொந்தத்தில்தானே முடிக்கிறோம்! ஆனால் பிள்ளைக்கு இப்படி ஒன்று வந்தால் மருமகளின் ராசியைச் சொல்கிறார்கள். பாதி நம் பையனிடமிருந்தும் வந்ததுதானம்மா! "சொந்தத்தில் கல்யாணமா?" என்று டாக்டர் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எந்தச் சோதனையை முதலில் எழுதுவது என்று பார்ப்பதற்காகத்தான் அவர் கேட்கிறார்.