குழந்தைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி: பயன்கள் என்ன? பெற்றோர் கவனிக்க வேண்டியவை எவை?

தற்காப்புப் பயிற்சி என்றதும் வெள்ளைச் சீருடையும், வண்ணப் பட்டையும், ஓங்கிய கையும்தான் பலரது நினைவுக்கு வரும். ஆனால், பத்து வயதுக் குழந்தை வளர்ந்த ஒருவரை உடல் வலிமையால் வெல்வது அரிது. ஆபத்தை முன்கூட்டியே உணர்தல், உரத்த குரலில் மறுத்தல், பிடியிலிருந்து விடுபட்டு ஓடுதல், நடந்ததை நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்லுதல் ஆகிய நான்குமே குழந்தைகளுக்கான பயிற்சியின் அடிப்படை.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2007-ஆம் ஆண்டு வெளியானது. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக 53 சதவீதத்திற்கும் அதிகமான குழந்தைகள் அதில் தெரிவித்திருந்தனர். துன்புறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை எவரிடமும் கூறவில்லை.

அறிமுகமில்லாதவரை எதிர்க்க மட்டும் கற்றுத் தரும் பயிற்சி முழுமையாகாது என்பதையே இது உணர்த்துகிறது. மரியாதைக்குரிய உறவினரிடமும் "வேண்டாம்" என்று சொல்லலாம், அது தவறாகாது என்பதைக் குழந்தைக்குப் புரியவைப்பதே முதல் பாடம்.

பயிற்சியில் கற்பவை

கையை ஒருவர் இறுகப் பற்றினால், அவரது கட்டைவிரல் இருக்கும் பக்கமாகக் கையைத் திருப்பி இழுக்க வேண்டும். பிடியின் பலவீனமான இடம் அதுவே. பொது இடத்தில் யாரேனும் இழுத்துச் சென்றால் வெறுமனே அழுவதைவிட, "இவர் யாரென்று எனக்குத் தெரியாது" என்று கத்துவது பலன் தரும். அழுகையைக் கேட்போர் அதை வீட்டுப் பிள்ளையின் அடம் என்று எண்ணி விலகிச் செல்லக்கூடும்.

ஜூடோவில் தொடக்கத்திலேயே பாதுகாப்பாக விழும் முறை கற்பிக்கப்படுகிறது. தலை தரையில் மோதாதவாறு மோவாயை மார்போடு ஒட்டி வைத்து விழும் பழக்கம், விளையாட்டிலும் அன்றாட வாழ்விலும் காயங்களைக் குறைக்க உதவும். தொடர் பயிற்சியால் உடல் சமநிலை, நெகிழ்வு, கவன ஒருமை, தன்னம்பிக்கை ஆகியவையும் மேம்படுகின்றன.

கேரளத்தின் களரிப்பயட்டு, மணிப்பூரின் தாங்-டா, பஞ்சாபின் கட்கா, தமிழகத்தின் சிலம்பம் எனப் பாரம்பரியக் கலைகள் நாடெங்கும் உள்ளன. களரியில் ஏழு வயதில் பயிற்சியைத் தொடங்குவது மரபு. இக்கலைகள் உடலையும் ஒழுங்கையும் வளர்க்கும். ஆயினும், மறுத்தல், விலகுதல், சொல்லுதல் ஆகிய பாடங்களைத் தனியே சேர்த்துக் கற்பிப்பது அவசியம்.

அரசுத் திட்டமும் ஓர் இடைவெளியும்

சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. சாவிக்கொத்து, துப்பட்டா, பை, பேனா போன்ற கைவசப் பொருள்களைப் பயன்படுத்தித் தப்பிக்கும் முறைகளும் அதில் அடங்கும்.

ஆனால், 2007-ஆம் ஆண்டு ஆய்வில் பாதிக்கப்பட்டோரில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். "ஆண் பிள்ளைக்கு என்ன பயம்?" என்ற எண்ணத்தைக் கைவிட்டு, மகன்களுக்கும் இப்பாடங்களைக் கற்பிக்க வேண்டிய தேவை உள்ளது.

பயிற்சி மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

* வகுப்பைப் பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதி இருக்க வேண்டும்.
* செய்முறைக்காகத் தொடுவதற்கு முன் பயிற்சியாளர் குழந்தையின் சம்மதம் கேட்க வேண்டும்.
* தனியறையில் தனிப் பயிற்சி அளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.
* வலியைத் தாங்கச் சொல்லி வற்புறுத்துவதும், தோற்றவரைக் கேலி செய்வதும் கூடாது.
* சண்டைக்குப் போவதற்காக இக்கலை இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லித் தர வேண்டும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை அங்கீகரிக்கின்றன. எனினும், பாதுகாப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு விளைவிக்க அவை இடமளிப்பதில்லை. "விடுபட்டதும் ஓடு, திரும்பி அடிக்காதே" என்ற பாடம் பாதுகாப்புக்கும் சட்டத்துக்கும் ஒருங்கே பொருந்தும்.

பெரியவர்களின் கடமை

பயிற்சி பெற்ற குழந்தையும் அச்சத்தில் உறைந்து போகலாம். அப்போது "நீ ஏன் எதிர்க்கவில்லை?" என்று கேட்பது குழந்தையை மீண்டும் மௌனத்தில் தள்ளிவிடும். குற்றம் செய்தவர் மீதே உள்ளது என்பதை உறுதியாகக் கூறி, குழந்தை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இந்த எண்ணைக் குழந்தைகளும் மனப்பாடமாக அறிந்திருப்பது நல்லது.